யாருக்கும் தெரியாமல் கஞ்சாவைக் குறைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக இரவு ஷிப்டில் வேலை செய்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு வேளச்சேரியில் உள்ள அறைக்குத் திரும்புவேன். தூக்கம் வராது. நான்கு ஆண்டுகளுக்கு முன் உடன் வேலை செய்த ஒருவர் கஞ்சாவைப் பழக்கினார். "மூலிகைதான், அடிமையாக்காது" என்றார். முதலில் வாரம் ஒரு நாள். இப்போது தினமும் மூன்று, சிகரெட் புகையிலையோடு கலந்து சுருட்டி. மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் வியர்வை, எரிச்சல், பயங்கரமான கனவுகள், மறுபடி தொடங்கிவிட்டேன். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். மறுவாழ்வு மையத்துக்குப் போகத் துணிவில்லை. அங்கே ஆண்கள்தான் நிறைந்திருப்பார்கள். போலீஸ் பயமும் இருக்கிறது. கஞ்சாவைக் குறைக்க இணையத்தில் சுய உதவித் திட்டங்கள் இருப்பதாகப் படித்தேன். அவை பலன் தருமா? யாருக்கும் தெரியாமல் நானே முடித்துவிட முடியுமா? முழுவதும் விட வேண்டாம், சனிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டாலே போதும். (என் சித்தப்பா பல ஆண்டுகளாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?)
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேளச்சேரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருக்கும் வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். போகிற போக்கில் கேட்டதுபோல் கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் உண்டு. மனச்சிதைவு போன்ற நோய் இரத்த உறவில் இருப்பவர்களுக்குக் கஞ்சா மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றுவது போன்ற நிலைகளை அது தூண்டிவிடக்கூடும். தினமும் புகைப்பதும், வீரியம் கூடிய வகையைப் புகைப்பதும் அந்த ஆபத்தை ஏற்றிவிடும். சித்தப்பாவுக்கு என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் அளவுக்கு நெருங்கிய இரத்த உறவும் இல்லை. அதனால் உங்களுக்கும் வந்துவிடும் என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு, 'சனிக்கிழமை மட்டும்' என்ற இலக்கை என்னால் மனமொப்பி ஆதரிக்க முடியவில்லை. குறைப்பது வழியாக இருக்கட்டும். போய்ச் சேரும் இடம் முழுவதுமாக விடுவதாக இருக்கட்டும். இப்போதே குரல் கேட்பதோ, காரணமற்ற சந்தேகமோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ இருந்தால், இந்தப் பதிலை இத்தோடு வைத்துவிட்டு இன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

இணையவழித் திட்டங்கள் பலன் தருமா என்றால், தருகின்றன. ஆனால் கொஞ்சமாகத்தான் தருகின்றன. ஜெர்மனியில் அரசு சுகாதார நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக நடத்திய திட்டம் 50 நாள் நீளம். பயிற்சி பெற்ற ஆலோசகர் எழுத்து வழியாகத் துணை வருவார். ஆஸ்திரேலியாவின் 'ரெட்யூஸ் யுவர் யூஸ்' ஆறு பாடங்கள் கொண்டது; ஆலோசகர் கிடையாது, முழுக்க நீங்களே படித்து நீங்களே செய்ய வேண்டும். 2013இல் வெளியான அதன் ஆய்வில், திட்டத்தைப் பயன்படுத்தியவர்கள் மூன்று மாதங்களுக்குப் பிறகு மற்றவர்களைவிடக் குறைந்த நாட்களே கஞ்சா புகைத்திருந்தார்கள்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது சுவிட்சர்லாந்தின் 'கேன்ரெட்யூஸ்' ஆய்வு. 2015இல் வெளியானது. 308 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எட்டுப் பாடங்கள் கொண்ட திட்டம், கூடவே ஆலோசகருடன் இணையத்தில் சிறிது நேரம் எழுதிப் பேசும் வாய்ப்பு. இன்னொரு குழுவுக்குத் திட்டம் மட்டும். மூன்றாம் குழு காத்திருப்போர் பட்டியல்; அவர்களுக்குத் திட்டம் உடனே தரப்படவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, காத்திருந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைத்திருந்தவர்கள் ஆலோசகருடன் பேசிய குழுவினர். திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் போராடியவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆலோசனை நீண்ட சிகிச்சையும் இல்லை. ஓரிரு தடவை, அதுவும் தட்டச்சு செய்துதான். அந்தச் சிறிய மனிதத் தொடர்பே பலனைக் கூட்டியிருக்கிறது. 'யாருக்கும் தெரியாமல்' என்ற உங்கள் சொல்லைப் படித்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. ஊருக்குத் தெரிய வேண்டாம். ஒரே ஒருவருக்குத் தெரியட்டும்.

இந்தத் திட்டங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. உற்சாகமாகப் பதிவு செய்தவர்களில் பெரும்பகுதியினர் பாதியில் காணாமல் போய்விடுகிறார்கள். சுவிஸ் ஆய்விலேயே மூன்று மாதம் கழித்துத் தொடர்புகொள்ள முடிந்தவர்கள் 308 பேரில் பாதிக்கும் குறைவு. யாரும் கேட்க மாட்டார்கள் என்பது சேரும்போது நிம்மதி தருகிறது. அதே காரணத்தால் நழுவிப் போவதும் எளிதாகிறது.

அதற்காக அவற்றை நான் தள்ளிவிடவில்லை. உங்களைப் போன்ற பெண்களுக்கு அவை திறந்துவிட்ட கதவு சிறியது இல்லை. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 2.8 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் என ஏதோ ஒரு வடிவில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுமார் 72 லட்சம் பேருக்கு அதிலிருந்து வெளிவர உதவி தேவைப்படுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெண்கள் மிகக் குறைவு. பெண்களிடம் பழக்கம் குறைவு என்பது ஒரு காரணம். வருவதற்கு வழியே இல்லை என்பது இன்னொரு காரணம். நீங்கள் சொல்வது உண்மைதான்: நம் ஊரில் மறுவாழ்வு மையம் என்றாலே குடிக்கும் ஆண்களை மனத்தில் வைத்து அமைத்ததாக இருக்கிறது. அந்த வாசலில் ஏறத் தயங்கும் ஒரு பெண்ணைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

அடிமையாக்காத மூலிகை என்று உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போகிறார்கள். தினமும் பயன்படுத்துகிறவர்களில் இன்னும் அதிகம். நிறுத்தும்போது உடல் படும் அவதி ஒரு தனி நோய்க்குறியாக அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேட்டில் 2013இலேயே இடம்பெற்றுவிட்டது. எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, தலைவலி, விசித்திரமான கனவுகள். உங்கள் மூன்றாம் நாளை அப்படியே எழுதிவைத்ததுபோல் இருக்கும்.

அந்த மூன்றாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். உங்கள் மூன்று முயற்சிகளும் அங்கேதான் உடைந்திருக்கின்றன. விலகலின் அவதி ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். தூக்கமும் கனவும் மட்டும் சிலருக்கு ஒரு மாதம், அதற்கு மேலும் இழுக்கும். அதாவது ஏற்றத்தின் உச்சி வரை ஏறிவிட்டு, இறக்கம் தொடங்கும் இடத்தில் மூன்று முறையும் திரும்பியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் 'இனி இப்படியேதான் இருக்கும்' என்று தோன்றியிருக்கும். இல்லை. அடுத்த முறை காலண்டரில் அந்த நாட்களை முன்கூட்டியே குறித்து, வார விடுமுறையும் இரண்டு நாள் விடுப்பும் அதன்மேல் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கனவுகள் ஏன் அப்படி வருகின்றன? கஞ்சாவில் போதை தரும் பொருள் முதலில் சீக்கிரம் தூங்கவைக்கும். ஆனால் கனவு காணும் தூக்கத்தை அழுத்தி வைக்கும். சில மாதங்களில் தூங்கவைக்கும் வேலையும் மங்கிவிடுவதால், ஒன்று மூன்றாகிறது. நிறுத்தியதும் அழுத்தி வைத்த கனவுத் தூக்கம் பொங்கி எழுகிறது. பயங்கரக் கனவுகள் உங்கள் மனம் கெட்டுவிட்டதன் அடையாளம் இல்லை; மூளை பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருப்பதன் அடையாளம்.

உங்களுக்கு முதல் நோய் தூக்கம் என்று நான் நினைக்கிறேன். கஞ்சா அதற்கு நீங்கள் தேடிக்கொண்ட தவறான மருந்து. எனவே தூக்கத்தைத் தனியே கவனிக்காமல் கஞ்சாவை மட்டும் பிடுங்கினால் மறுபடி அங்கேதான் போவீர்கள். ஷிப்டின் பின்பாதியில், நள்ளிரவுக்குப் பிறகு, டீயும் காபியும் வேண்டாம். அறைக்கு வந்ததும் கைப்பேசியை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுக் குளித்து, லேசாக இரண்டு இட்லியோ தயிர்சாதமோ சாப்பிடுங்கள். ஐந்து மணிக்குப் படுப்பதென்றால் விடுமுறை நாளிலும் அதிலிருந்து அதிகம் விலகாதீர்கள். நம் ஊரில் ஆறு மணிக்கே வெயில் சன்னலில் ஏறிவிடும்; ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். தடித்த கறுப்புத் திரைக்கும் காதடைப்பானுக்கும் ஆகும் செலவு உங்கள் ஒரு வாரக் கஞ்சாச் செலவுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். இருபது நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது படியுங்கள். கண் சொருகும்போது மட்டும் மறுபடி படுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையோ மதுவோ அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டாம். ஒரு பழக்கத்தை விடப்போய் இன்னொன்றில் விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த இணையத் திட்டங்களுக்குள் என்னதான் இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். முதுகெலும்பு ஒரு நாட்குறிப்புதான். ஒவ்வொரு முறை புகைக்கும்போதும் மணி என்ன, அதற்கு அரை மணி நேரம் முன்பு என்ன நடந்தது, ஏக்கம் பத்தில் எவ்வளவு, எவ்வளவு புகைத்தீர்கள், பிறகு எப்படி இருந்தது என்று எழுதுவது. அதன்மேல்தான் மற்றப் பாடங்கள் நிற்கின்றன: விட வேண்டிய காரணங்கள், தூண்டும் சூழல்கள், நண்பர் நீட்டும்போது மறுப்பது, சறுக்கினால் எழுவது. திட்டம் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இருந்தால் என்ன, இந்த நாட்குறிப்பை ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதலாம். முதல் ஏழு நாள் எதையும் குறைக்க வேண்டாம். எழுதுங்கள், அவ்வளவுதான். 'நான்கு மணி, வாடிக்கையாளர் திட்டினார், ஒன்பது' என்பதுபோல் ஒரு வரி போதும். எட்டாம் நாள் நீங்களே படித்துப் பாருங்கள். தினமும் மூன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்றும் ஒரே காரணத்துக்காக இல்லை என்று தெரியவரும். ஒன்று தூக்கத்துக்கு, ஒன்று தனிமைக்கு, ஒன்று வெறும் கைப்பழக்கம். கைப்பழக்கத்தை முதலில் எடுங்கள். தூக்கத்துக்கானதைக் கடைசியில் எடுங்கள். அதற்குள் திரையும் நேரமும் பழகியிருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒன்றைக் குறைத்து, கடைசி ஒன்றை விடும் நாளைத்தான் அந்த விடுமுறையில் வையுங்கள். அறையில் இருப்பு வைக்காதீர்கள். ஏக்கம் எழும்போது அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது எழுந்து தானே தணியும். மொட்டைமாடியில் நடங்கள், துணி துவையுங்கள், அந்த அரை மணி போகட்டும்.

புகையிலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிகரெட் பிடிப்பதாக எழுதவில்லை. ஆனால் தினமும் மூன்று முறை புகையிலையைக் கலந்து இழுக்கிறீர்கள். உங்கள் படபடப்பில் ஒரு பங்கு நிகோடினுடையதாக இருக்கலாம். கஞ்சாவை விட்டுவிட்டு அந்த இடத்தில் சிகரெட்டைப் பற்றவைத்தால் நிகோடின் பழக்கம் அப்படியே நிற்கும். அதோடு, விரல்களுக்கு நடுவில் அந்தச் சுருள் இருந்த ஞாபகமும் போகாது. இரண்டையும் சேர்த்தே விடுங்கள். புகையிலையை விடுவதற்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-112-356.

எந்த இணையதளத்தில் சேர்வதானாலும் அலுவலக லேப்டாப்பும் அலுவலக மெயிலும் வேண்டாம். புனைபெயரும் தனி மெயிலும் போதும். ஆதார் எண், நிறுவனத்தின் பெயர் கேட்கும் தளத்தை அப்போதே மூடிவிடுங்கள். யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள்: பல்கலைக்கழகமா, மருத்துவமனையா, அரசா, அல்லது பெயரே இல்லாத விளம்பரமா? 'ஏழே நாளில் விடுதலை', 'உணவில் தெரியாமல் கலந்து கொடுங்கள்' என்று கைப்பேசியில் வந்து விழும் பொடிகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கஞ்சாப் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருத்துவர் சில வாரங்களுக்கு மருந்து தரலாம், அது வேறு.

போலீஸ் பயத்தைப் பற்றி. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி கஞ்சா புகைப்பது குற்றம்தான். ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அவருக்குத் தந்திருக்கிறது. போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அதில் அடக்கம். உண்மையில் உங்களுக்கு ஆபத்து மருத்துவரின் அறையில் இல்லை. பொட்டலம் வாங்கப் போகும் இடத்தில்தான் இருக்கிறது.

அந்த ஒருவர் யார் என்பதை இப்போது முடிவு செய்யுங்கள். அக்காவோ, பழைய அறைத்தோழியோ, நீங்கள் விழுந்தாலும் திட்டாமல் 'இன்று எழுதினாயா?' என்று மட்டும் கேட்கக்கூடியவர். பார்த்துப் பேச அப்படி ஒருவரும் இல்லையென்றால் 14416. மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், நீங்கள் விழித்திருக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் ஆள் இருப்பார்கள். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய எண்ணும் இருக்கிறது.

மருத்துவரை ஒரு முறை நேரில் பார்ப்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சித்தப்பா விஷயத்துக்காகத்தான் சொல்கிறேன். மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. அங்கே தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் பெண்கள் தினமும் வந்து வரிசையில் உட்காருகிறார்கள். உங்களை யாரும் தனியாகத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மையம்தான் வேண்டும் என்றால், 1980இல் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி தொடங்கி இன்றும் அடையாறு பக்கம் நடக்கும் டி.டி.கே. மருத்துவமனை போன்ற பழைய நிறுவனங்களை விசாரியுங்கள். முன்பதிவு செய்யும்போதே பெண் ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

கல்யாணப் பேச்சைப் பற்றி நீங்கள் அறிவுரை கேட்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் அவசரம் தெரிந்தது. நிச்சயதார்த்தத் தேதிக்குள் விட்டுவிட வேண்டும் என்று கெடு வைத்துக்கொள்ளாதீர்கள். கெடுவுக்காக விட்டவர்கள் கெடு முடிந்ததும் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் வரன் பார்ப்பதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். வேலை மாற்றம் என்று சொன்னாலே வீட்டில் புரிந்துகொள்வார்கள். அது பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. பகல் ஷிப்ட் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா? ஏழு ஆண்டு அனுபவம் உள்ள கோடருக்கு அப்படிக் கேட்கும் உரிமை இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன் அம்மாவிடம் பேச்சோடு பேச்சாக, சித்தப்பாவுக்கு எந்த வயதில் நோய் தொடங்கியது, மருத்துவர் அதற்கு என்ன பெயர் சொன்னார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டு முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.